வெளியாள் பெரிய கட்சிக்குள் இருக்கலாமா, தனித்து நிற்கலாமா? காப்பிக்கடை மேசைக் கேள்விகளும் என் பதில்களும்

வீராசாமி சாலைப் பக்கம் ஒரு காப்பிக்கடையில் சனிக்கிழமைக் காலைகளில் நாங்கள் ஐந்து பேர் உட்காருவோம். ஒருவர் ஓய்வுபெற்ற கணக்கர், ஒருவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், ஒருவர் இன்னும் டாக்சி ஓட்டுகிறவர், ஒருவர் தமிழாசிரியர், ஐந்தாவது ஆள் நான். பேச்சு எங்கே தொடங்கினாலும் அரசியலில்தான் போய் நிற்கும். பொதுத் தேர்தல் நெருங்கினால் சிங்கப்பூர், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அமெரிக்கா, தொலைக்காட்சியில் செய்தி ஓடினால் தமிழ்நாடு. ஊர் எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: பெரிய கட்சியோடு ஒட்டாத ஒருவர் அதற்குள்ளேயே இருந்து முட்டி மோத வேண்டுமா, வெளியே வந்து தனியாக நிற்க வேண்டுமா? பேசிப் பேசிச் சலித்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். இனி யாராவது கேட்டால் இதைக் காட்டிவிட்டுக் காப்பியைக் குடிக்கலாம்.

வெளியாள் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

கட்சித் தலைமை வளர்க்காத ஆள். தலைமைக்குக் கடன்படாத ஆள். உறுப்பினர் அட்டை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பணக்காரரா ஏழையா, நல்லவரா கெட்டவரா என்பதெல்லாம் இதில் சேராது.

ஒரே வரியில் சொல்லுங்கள். இருக்கலாமா, கூடாதா?

வேட்பாளர் யார் என்பதை அந்தக் கட்சியில் யார் முடிவு செய்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். வாக்காளர்கள் முடிவு செய்தால் உள்ளே இருங்கள். மூடிய அறைக்குள் சிலர் உட்கார்ந்து முடிவு செய்தால், அவர்கள் உங்களைக் கூப்பிடாதவரை நீங்கள் எங்கே இருந்தாலும் வெளியேதான்.

டாக்சி ஓட்டும் நண்பருக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. “கொள்கை என்று ஒன்று இல்லையா?” என்றார். இருக்கிறது. ஆனால் அவர் கேட்டது ஏணியை எந்தச் சுவரில் சாய்ப்பது என்று. அதற்குச் சுவரைத்தான் பார்க்க வேண்டும்.

பெர்னி சாண்டர்ஸ் சுயேச்சைதானே? பிறகு ஏன் ஜனநாயகக் கட்சியின் வரிசையில் போய் நின்றார்?

எங்கள் மேசையில் அதிகம் அடிபட்ட கேள்வி இது. சாண்டர்ஸ் 1981-ல் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகர மேயர் பதவியைப் பத்தே வாக்கு வித்தியாசத்தில் பிடித்தவர். 1990-லிருந்து நாடாளுமன்றத்துக்கும் சுயேச்சையாகவே தேர்வானவர். அப்படிப்பட்டவர் 2016-ல் அதிபர் பதவிக்கு முயன்றபோது ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தெரிவுத் தேர்தலில் இறங்கினார். 2020-லும் அதையே செய்தார்.

அங்கே கட்சியின் வேட்பாளரைக் கட்சித் தலைவர்கள் நியமிப்பதில்லை. மாநிலம் மாநிலமாக வாக்கெடுப்பு நடக்கும். விதிகளுக்கு உட்பட்டு எவரும் பெயர் கொடுக்கலாம். சாண்டர்ஸ் தோற்றார், உண்மைதான். ஆனால் 2016-ல் 13 மில்லியனுக்கும் மேற்பட்ட வாக்குகள் வாங்கினார். தொலைக்காட்சி விவாதங்களில் ஹில்லரி கிளிண்டனுக்குப் பக்கத்தில் நின்றார். தனித்து நின்றிருந்தால் அந்த மேடை கிடைத்திருக்காது. பொதுத் தேர்தல் விவாதத்துக்கு வர, கருத்துக்கணிப்புகளில் 15 விழுக்காடு ஆதரவு காட்ட வேண்டும் என்பது அப்போதைய விதி.

இன்னும் தெளிவான சான்று ரான் பால். 1988-ல் சுதந்திரவாதக் கட்சியின் சார்பில் அதிபர் தேர்தலில் நின்றபோது சுமார் 430,000 வாக்குகள், அரை விழுக்காட்டுக்கும் குறைவு. 2012-ல் குடியரசுக் கட்சிக்குள் நின்று தெரிவுத் தேர்தலில் மட்டும் இரண்டு மில்லியனுக்கும் மேல் வாங்கினார். ஆள் அவரேதான், பேச்சும் ஏறக்குறைய அதேதான். நின்ற இடம் மாறியிருந்தது.

டோனல்ட் டிரம்ப்பும் இந்தப் பாடத்தைப் படித்தவர். 2000-ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன் மூன்றாவது கட்சி ஒன்றின் சார்பில் நிற்கலாமா என்று ஆழம் பார்த்துவிட்டு விலகினார். 2015 ஆகஸ்ட்டில் குடியரசுக் கட்சியின் முதல் விவாத மேடையில், “வாய்ப்புக் கிடைக்காவிட்டால் தனியாக நிற்க மாட்டோம் என்று உறுதி தராதவர் யார்?” என்று கேட்டபோது கை தூக்கியவர் அவர் ஒருவர்தான். செப்டம்பரில் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டார். அடுத்த ஆண்டு கட்சியே அவர் கைக்கு வந்துவிட்டது. அவரைப் பிடிக்கிறதோ இல்லையோ, உள்ளே இருப்பதன் பலனுக்கு இதைவிடப் பெரிய சான்று கிடையாது.

அமெரிக்காவில் தனித்து நின்றவர்கள் யாரும் வென்றதே இல்லையா?

அதிபர் தேர்தலில் நெருங்கியவர்கள் உண்டு. முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1912-ல் தம் கட்சியை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, 27 விழுக்காடு வாக்கு வாங்கித் தம் பழைய கட்சிக்காரரை மூன்றாமிடத்துக்குத் தள்ளினார். இரண்டு பேர் அடித்துக்கொண்டதில் உட்ரோ வில்சன் உள்ளே போனார். 1992-ல் கோடீஸ்வரர் ராஸ் பெரோவுக்குக் கிட்டத்தட்ட 19 விழுக்காடு. ஐந்தில் ஒருவர் அவருக்குப் போட்டிருக்கிறார். ஆனால் எந்த மாநிலத்திலும் முதலிடம் இல்லாததால் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழுவில் அவருக்குக் கிடைத்தது பூஜ்யம்.

2000-ல் பசுமைக் கட்சியின் ரால்ப் நேடர் ஃபுளோரிடாவில் 97,000-க்கும் மேல் வாங்கினார். அங்கே புஷ் ஜனநாயகக் கட்சியின் அல் கோரை வென்றது 537 வாக்கில். நேடர் ஆதரவாளர்கள் இன்றைக்கும் அந்தக் கணக்கைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

கீழ்மட்டப் பதவிகளில் கதை வேறு. 2006-ல் கனெக்டிகட்டின் ஜோ லீபர்மன் கட்சித் தெரிவில் தோற்றும் தனியாக நின்று செனட்டர் பதவியைத் தக்கவைத்தார். அமெரிக்காவுக்கு வெளியே, லண்டனில் 2000-ஆம் ஆண்டு கென் லிவிங்ஸ்டனைத் தொழிற்கட்சி தெரிவு செய்யவில்லை. அவர் சுயேச்சையாக நின்று மேயரானார். நான்கு ஆண்டில் அதே கட்சி அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. இவர்கள் இருவரும் ஏற்கனவே வீடுதோறும் தெரிந்த பெயர்கள் என்பதை மறக்க வேண்டாம். புதுமுகம் இப்படிச் செய்தால் சுவரொட்டிக் காசுதான் மிச்சம்.

உள்ளே போனால் கட்சிக்காரர்களே காலை வாரிவிடுவார்களே?

வாருவார்கள். 2016-ல் ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு மின்னஞ்சல்கள் கசிந்தபோது, சாண்டர்ஸைப் பற்றி உள்ளே எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பது வெளியே வந்தது. குழுத் தலைவர் பதவி விலகினார். கட்சிப் பெரிய மனிதர்கள் எழுநூறு பேருக்கு, எந்த மாநில வாக்கெடுப்புக்கும் கட்டுப்படாத மாநாட்டு வாக்கு இருந்தது. அதுவும் பெரும் சண்டையாயிற்று.

ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். 2018-ல் கட்சி விதியை மாற்றியது. போட்டி முடிவாகாத மாநாட்டில் முதல் சுற்றில் அந்தப் பெரிய மனிதர்கள் வாக்களிக்க முடியாது. சாண்டர்ஸ் உள்ளே இருந்து தோற்றதால் நடந்த மாற்றம் அது. வெளியே நின்று தோற்றிருந்தால் யார் விதியை மாற்றப் போகிறார்கள்?

இன்னொன்று. தெரிவுத் தேர்தலில் தோற்றவர் அதே பதவிக்கு அதே ஆண்டில் தனியாக நிற்க முடியாதபடி பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் சட்டம் இருக்கிறது. உள்ளே போகும்போதே வெளியேறும் கதவு சாத்தப்படுகிறது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

சரி, நம் ஊருக்கு வாருங்கள். சிங்கப்பூரில் ஒரு சாண்டர்ஸ் சாத்தியமா?

இல்லை. இங்கே வேட்பாளர் தெரிவுத் தேர்தலே கிடையாது. ஆளும் மக்கள் செயல் கட்சியில் (மசெக) தேநீர்ச் சந்திப்பு என்று ஒன்று உண்டு. தகுதியுள்ளவர்கள் என்று தோன்றுபவர்களைச் சிறு குழுவாக அழைத்துப் பேசி, பிறகு நேர்காணல், பிறகு இன்னொரு நேர்காணல் என்று வடிகட்டுவார்கள். அழைப்பு உங்களைத் தேடி வர வேண்டும். பலரை அப்படித்தான் அரசாங்கச் சேவையிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் வழக்கறிஞர் அலுவலகங்களிலிருந்தும் கொண்டுவந்தார்கள். அவர்கள் ஒருவகையில் வெளியாட்கள்தான், ஆனால் அழைத்து வரப்பட்டவர்கள்.

இந்தக் கதவு ஏன் இவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1957-ல் மசெக-வின் உட்கட்சித் தேர்தலில் இடதுசாரிகள் மத்திய செயற்குழுவின் 12 இடங்களில் ஆறைப் பிடித்துவிட்டார்கள். அதன் பிறகே சாதாரண உறுப்பினர் வேறு, முழு உரிமை பெற்ற முன்னணி உறுப்பினர் வேறு என்ற ஏற்பாடு வந்தது. செயற்குழுவைத் தேர்ந்தெடுப்பது முன்னணி உறுப்பினர்கள். அவர்களை அந்த நிலைக்கு உயர்த்துவது செயற்குழு. தமிழாசிரியர் இதைக் கேட்டுவிட்டு, “முட்டையும் கோழியும் ஒரே கூட்டில்” என்றார். எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். ஆளுங்கட்சியை மட்டும் குறை சொல்ல முடியாது.

நாடாளுமன்ற உறுப்பினராக வென்ற பிறகு கட்சியை விட்டால் பதவி இருக்குமா?

இருக்காது. அரசமைப்புச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: எந்தக் கட்சியின் சார்பில் வென்றாரோ அதிலிருந்து விலகினாலும் நீக்கப்பட்டாலும் இடம் காலி. 2012-ல் ஹவ்காங் உறுப்பினரைப் பாட்டாளிக் கட்சி நீக்கியபோது இடம் போயிற்று, இடைத்தேர்தல் வந்தது. சியாம் சீ டோங் விஷயத்தில், தாம் உருவாக்கிய சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சியே 1993-ல் அவரை நீக்க முயன்றது. நீக்கியது செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னதால்தான் பொத்தோங் பாசிர் தொகுதி அவர் கையில் நின்றது.

1961-ல் மசெக சட்டமன்ற உறுப்பினர்கள் 13 பேர் பிரிந்து பாரிசான் சோசலிஸ் தொடங்கியபோது இடங்களையும் வைத்துக்கொண்டே போனார்கள். இன்று அப்படிச் செய்தால் அத்தனை இடமும் காலி.

டாக்டர் டான் செங் போக் உள்ளேயே இருந்திருக்கலாமா?

இதில் எங்கள் மேசை இரண்டாகப் பிளந்தது. அவர் 1980 முதல் 2006 வரை ஆயர் ராஜா தொகுதியின் மசெக உறுப்பினர். கட்சிக்குள் வாய் திறந்து பேசுபவர் என்ற பெயர் உண்டு. 2011-ல் கட்சியிலிருந்து விலகி அதிபர் தேர்தலில் நின்றார். டோனி டானிடம் தோற்றது 7,382 வாக்கில், அரை விழுக்காடுகூட இல்லை. 2019-ல் சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சியைத் தொடங்கினார். 2020-ல் வெஸ்ட் கோஸ்ட் குழுத்தொகுதியில் (பலர் ஓரணியாக நிற்கும் தொகுதி) அவருடைய அணி 48 விழுக்காட்டைத் தாண்டியது. 2025-ல் எல்லை திருத்தப்பட்ட வெஸ்ட் கோஸ்ட் - ஜூரோங் வெஸ்ட்டில் 40 விழுக்காட்டை ஒட்டி நின்றுவிட்டது.

கணக்கர் நண்பரின் வாதம், “கட்சியில் இருந்திருந்தால் செல்வாக்காவது இருந்திருக்கும்” என்பது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2006-க்குப் பிறகு அவருக்கு உள்ளே என்ன இருந்தது? பழைய மரியாதை, ஆண்டுக்கொரு விருந்து. வெளியே வந்ததால்தான் இரண்டு முறை வெற்றியின் வாசற்படி வரை போனார். அவர் உள்ளே இருந்தபோது சேர்த்த பெயர்தான் வெளியே அவருக்கு வாக்காயிற்று. இருபத்தாறு ஆண்டுத் தொகுதி வேலையைக் கையோடு கொண்டுவராமல் எத்தனை பேர் அப்படிப் போக முடியும்?

அதிபர் தர்மன்?

அது வேறு கணக்கு. அதிபர் வேட்பாளர் எந்தக் கட்சியிலும் இருக்கக் கூடாது என்பது சட்டம். மசெக-வின் மூத்த அமைச்சராக இருந்த அவர் 2023-ல் கட்சியிலிருந்து விலகினார், 70.4 விழுக்காட்டில் வென்றார். அவரை வெளியாள் என்றால் காப்பிக்கடையே சிரிக்கும்.

எம்ஜிஆர் வெளியே வந்து வென்றாரே?

இந்தக் கேள்வி வராமல் எந்தச் சனிக்கிழமையும் முடிந்ததில்லை. 1972 அக்டோபரில் திமுக அவரை நீக்கியது. அடுத்த ஆண்டே திண்டுக்கல் இடைத்தேர்தலில் அவருடைய கட்சி வென்றது. 1977-ல் முதலமைச்சர். ஆனால் அவர் வெறுங்கையோடு வரவில்லை. ஊருக்கு ஊர் மன்றங்கள் இருந்தன. மன்றத்துப் பலகையில் பெயரை அழித்து எழுதினால் கிளைக் கழகம் தயார். சிவாஜி கணேசனுக்கும் ரசிகர்கள் குறைவில்லை. 1989-ல் தனிக்கட்சியோடு நின்று திருவையாற்றில் அவரே தோற்றார். வைகோ 1993-ல் நீக்கப்பட்டு மதிமுக தொடங்கினார், மாவட்டச் செயலாளர்கள் சிலர் கூடவே போனார்கள். 1996 சட்டமன்றத் தேர்தலில் ஓர் இடமும் கிடைக்கவில்லை.

கிளைகளைக் கொண்டுபோனால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. பாரிசான் பிரிந்தபோது மசெக-வின் 51 கிளைக் குழுக்களில் 35 கூடப் போயின. மீந்த கட்சிக்காரர்கள் கட்டடத்தில் நாற்காலி இருக்கிறதா என்று தேடும் நிலை. ஆனால் 1963 பிப்ரவரியில் பாரிசான் தலைவர்கள் பலர் கைதானார்கள். செப்டம்பர் தேர்தலில் மசெக-வுக்கு 37, பாரிசானுக்கு 13.

அப்படியானால் சிங்கப்பூரில் வெளியாளுக்கு வழியே இல்லையா?

ஒரு வழி உண்டு. உள்ளே, வெளியே என்ற இரண்டிலும் சேராத வழி. ஆளில்லாத வீட்டுக்குக் குடிபோவது.

டேவிட் மார்ஷலிடமிருந்து தொடங்குகிறேன். தொழிலாளர் முன்னணியின் முதலமைச்சராக இருந்தவர், அதிலிருந்து விலகி 1957-ல் பாட்டாளிக் கட்சியைத் தொடங்கினார். 1961-ல் ஆன்சன் இடைத்தேர்தலில் அந்தக் கட்சியின் பெயரில் வென்றார். பிறகு கட்சியையும் விட்டார். 1963-ல் அதே ஆன்சனில் சுயேச்சையாக நின்று வைப்புத்தொகையை இழந்தார். இரண்டே ஆண்டு இடைவெளி, தொகுதி அதேதான், வாதத்திறமையும் அதேதான்.

மார்ஷல் விட்டுப்போன கட்சி பெயரளவில் கிடந்தது. 1971-ல் யாழ்ப்பாணத்துத் தமிழரான வழக்கறிஞர் ஜே.பி. ஜெயரத்னம் அதன் தலைமைச் செயலாளரானார். புதிதாகக் கட்சி பதிவு செய்யவில்லை, ஆளுங்கட்சியில் போய்ச் சேரவும் இல்லை. சுத்தியல் சின்னம், பழைய பெயர், பழைய பதிவு. அவற்றை எடுத்துத் தூசி தட்டினார். 1972-ல் ஃபேரர் பார்க்கில் தோல்வி. 1976-ல் தோல்வி. 1977, 1979 இடைத்தேர்தல்களில் தோல்வி. 1980-ல் தோல்வி. 1981 அக்டோபர் 31-ல் ஆன்சன் இடைத்தேர்தலில், மார்ஷல் வென்ற அதே தொகுதியில், 51.9 விழுக்காட்டில் வெற்றி. 1965-க்குப் பிறகு பொதுமக்கள் வாக்கில் நாடாளுமன்றத்துக்குள் போன முதல் எதிர்க்கட்சிக்காரர் அவர்தான்.

ஐந்து தோல்வி. சுயேச்சையாக இருந்திருந்தால் இரண்டாவது தோல்வியிலேயே மறந்துபோயிருப்பார்கள். வேட்பாளர் தோற்றாலும் கட்சியின் சின்னம் அடுத்த தேர்தல் வரை தொகுதியில் உயிரோடு இருக்கிறது என்பதுதான் அதன் பயன்.

பின்னாளில் அவரே அந்த வீட்டை விட்டு வெளியேற வேண்டி வந்தது. 2001-ல் நொடித்துப்போனவராக அறிவிக்கப்பட்டு, தொகுதியில்லா உறுப்பினர் இடத்தை (தோற்றாலும் அதிக வாக்கு வாங்கிய எதிர்க்கட்சிக்காரருக்குத் தரப்படுவது) இழந்தார். அதே ஆண்டு பாட்டாளிக் கட்சியிலிருந்தும் விலகினார். அந்தக் காலத்தில் ஆர்ச்சர்ட் சாலைக் கடைத்தொகுதி ஒன்றின் வாசலில் அவரைப் பார்த்திருக்கிறேன். அடர்ந்த வெள்ளைக் கிருதா, கையில் தாமே எழுதி அச்சடித்த புத்தகம், காலடியில் இன்னும் பத்துப் பிரதிகள். கடந்து போனவர்கள் பாதிப் பேர் அவர் முகத்தைப் பார்க்காமல் வேகமாக நடந்தார்கள். நான் ஒரு புத்தகம் வாங்கினேன். சில்லறை எண்ணித் தந்துவிட்டு, எந்தத் தொகுதி என்று கேட்டார். சொன்னேன். அங்கே கடைசியாக யார் போட்டியிட்டார்கள், எத்தனை விழுக்காடு என்பதை எனக்கே சொன்னார்.

2008-ல் சீர்திருத்தக் கட்சியைத் தொடங்கினார், அதே ஆண்டு செப்டம்பர் 30-ல் காலமானார். அவர் தூசி தட்டிய பழைய வீட்டில் இன்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் பத்துப் பேர் மக்கள் வாக்கில் இருக்கிறார்கள். அவர் புதிதாகக் கட்டிய சீர்திருத்தக் கட்சி வீட்டிலிருந்து யாரும் உள்ளே போகவில்லை.

சுயேச்சைகள் இங்கே வென்றதுண்டா?

1959-ல் ஏ.பி. ராஜா ஃபேரர் பார்க்கில் சுயேச்சையாக வென்றார், பிறகு சட்டமன்றத்தின் நாயகராகவும் இருந்தார். நாடு விடுதலை பெற்ற பிறகு யாரும் இல்லை. சியாம் சீ டோங்கும் 1976-லும் 1979-லும் சுயேச்சையாக நின்று தோற்று, 1980-ல் கட்சி தொடங்கி, 1984-ல்தான் பொத்தோங் பாசிரைப் பிடித்தார். 2025-ல் மவுண்ட்பேட்டனில் ஒரு சுயேச்சை 36 விழுக்காடு வாங்கியபோது எங்கள் மேசையில் காப்பி ஆறிப்போனது. அங்கே வேறு எதிர்க்கட்சி நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மும்முனைப் போட்டி நடந்த ராடின் மாஸில் இன்னொரு சுயேச்சை வைப்புத்தொகையைப் பறிகொடுத்தார்.

தனியாக நிற்க என்ன செலவு, என்ன வேலை?

2025 தேர்தலில் வைப்புத்தொகை ஆளுக்கு 13,500 வெள்ளி. எட்டில் ஒரு பங்கு வாக்காவது வாங்காவிட்டால் அது போயிற்று. அரசியல் நன்கொடைச் சான்றிதழ் வேண்டும். குழுத்தொகுதியில் நிற்பதானால் முழு அணியும் சுயேச்சைகளாக இருக்க வேண்டும், சிறுபான்மை இனத்தவர் ஒருவராவது வேண்டும். 97 இடங்களில் தனித்தொகுதி 15-தான். ஆறு வேட்பாளராவது இருக்கும் கட்சிக்கே கட்சி அரசியல் ஒளிபரப்பு நேரம்.

நேரத்தில் கவனம் வேண்டும். 2011-ல் தஞ்சோங் பகாருக்கு மனு கொடுக்க வந்த சுயேச்சை அணி 35 வினாடி தாமதம். வாசல் மூடிவிட்டது. அந்தக் குழுத்தொகுதி போட்டியின்றி ஆளுங்கட்சிக்குப் போயிற்று.

நீங்கள் நிற்பீர்களா?

முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், ஆதரித்துக் கையெழுத்திட நால்வர் வேண்டும். ஆறு பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். எங்கள் மேசையில் என்னை விட்டால் நான்கு பேர். அதில் டாக்சி நண்பர் ஈசூனில் இருக்கிறார், ஆசிரியர் பொங்கோலில். கணக்கர் என் தொகுதிதான், ஆனால் நான் நின்றால் எனக்கு எதிராக நிற்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.